மேடு கேட்ட லாத்தா

மெஷினில் நகல் எண்ணிக்கையை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு நகல் கேட்டவருக்கு மூன்று வந்துவிட்டது. "சும்மா வச்சுக்கங்க, காசு வேணாம்" என்றேன். லாத்தா அந்த மூன்றாவது தாளை எடுத்து, என் மேசைமேல் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டுதான் கேட்டேன்."

கோபம் கிடையாது, பிகு கிடையாது. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இலவசத்தை வேண்டாம் என்று சொல்லும் ஒரு மனுஷியை அந்தக் கடையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடை என்றால் ஜெராக்ஸ் கடை. ஒன்றிய ஆபீசுக்கு எதிரே. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் பதிவு, கூடவே மனு எழுதித் தருவது. கமுதிப் பக்கம் பிறந்து இந்தக் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வந்த புதிதில் மனு எழுதும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். பிறகு பழகிவிட்டது. பட்டா மனு, பென்ஷன் மனு, குழாயில் தண்ணீர் வராத மனு எல்லாம் ஒரே மாதிரிதான் அழும். நானும் ஒரே மாதிரி டைப் அடித்துக் கொடுப்பேன்.

லாத்தாவின் ஊர் ஏர்வாடிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஊர்ப் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் இந்துப் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும்தான். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு, வெள்ளைத் துப்பட்டி, கையில் ஒரு துணிப்பை. மினி பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்காமல் நேராக என் கடையைப் பார்த்தே வருவார்.

கேட்டதைத் தவிர வேறு எதையும் வாங்க மாட்டார். அவ்வளவுதான் லாத்தா. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

சந்தையில் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டிருக்கிறார். வியாபாரி தராசில் போட்டு, பழகின ஆள் என்று இரண்டு கத்தரிக்காயையும் கொசுறாகப் பையில் போட்டிருக்கிறான். லாத்தா கத்தரிக்காயைத் திரும்ப எடுத்து குவியலில் வைத்துவிட்டார். அவனுக்கு அவமானமாகிவிட்டது. "சொத்தையா லாத்தா?" என்று கேட்டான். "சொத்தை இல்ல. நான் கேக்கல" என்றார். கல்யாண வீட்டில் கொடுக்கிற பையைக்கூட வாங்காமல் வந்துவிடுவார் என்று அவர் தெருப் பெண்கள் குறையாகச் சொல்வார்கள். மனிதர்கள் பிரியமாகக் கொடுப்பதை இப்படித் தள்ளலாமா என்று எனக்கும் அவர்மேல் வருத்தம் உண்டு. ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"பிரியமாத்தான் குடுக்குறாக. ஆனா புள்ள, வேற ஒண்ண வாங்கிட்டா கேட்டது வராது. வாங்கியாச்சுலன்னு போயிருவாக" என்றார்.

முதல் மனுவை எழுத வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வழக்கம்போல நான் 'ஐயா, தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்று ஆரம்பித்து, 'கருணை கூர்ந்து' என்று முடித்து, திரையைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார்.

"கருணைய எடுத்துரு. அத நான் கேக்கல."

"லாத்தா, இது ஒரு மரியாதைக்குப் போடுறது."

"மேடு போட்டுத் தாங்கன்னு கேக்குறோம். அத மட்டும் போடு."

அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாத்தாவின் ஊருக்கு வெளியே கண்மாய் தூர்வாரியபோது எடுத்த வண்டலை டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து புறம்போக்கில் கொட்டினார்கள். விவசாயிகள் அள்ளிக்கொள்வார்கள் என்று நினைப்பு. ஆனால் அது கடலோரத்து உவர்மண். வாயில் வைத்துப் பார்த்த மிளகாய் விவசாயிகள் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். மண் அங்கேயே கிடந்து, மழையில் நனைந்து, வெயிலில் இறுகி, வரிசையாக மேடும் பள்ளமுமாக நின்றுவிட்டது. பிள்ளைகள் அதன்மேல் சைக்கிளை ஏற்றிப் பழகினார்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் ஓட்டியது கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். மீன் லாரியும் ஐஸ் வண்டியும் கண்மண் தெரியாமல் போகிற ரோடு. மேடு வந்த பிறகு ஒரு பிள்ளையும் அந்த ரோட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மேடு கொஞ்சம் கரைந்தது, கருவேல முள் நெருங்கி வந்தது. அதைக் கெட்டிப்படுத்தி, வளைவு வைத்து, முறையான ஓட்டப்பாதையாக அரசாங்கம் போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் திரும்ப ரோட்டுக்குப் போய்விடுவார்கள். இதுதான் லாத்தாவின் கோரிக்கை.

"இதுக்குப் பேரு பம்ப் டிராக்" என்று செல்போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். வளைகுடா நாட்டில் ஏதோ ஒரு பூங்கா. வழவழப்பான கறுப்பு மேடுகள், பாம்பு மாதிரி வளைந்து சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேருகின்றன. பிள்ளைகள் பெடலை மிதிக்கவே இல்லை. மேட்டில் ஏறும்போது உடம்பை லேசாக்குகிறார்கள், இறங்கும்போது அமுக்குகிறார்கள். வண்டி தானாகப் போகிறது. படத்தின் ஓரத்தில் ஒரு துடைப்பத்தின் நிழல் தெரிந்தது. லாத்தாவின் வீட்டுக்காரர் அந்தப் பூங்காவில் வேலை பார்த்தவர். மணல் காற்று அடித்த மறுநாள் காலையில் அந்தப் பாதையில் படிந்த மணலைக் கூட்டித் தள்ளுவது அவர் வேலைகளில் ஒன்று. இந்த வீடியோவை எடுத்து அனுப்பியவரும் அவரே. அதில் அவர் ஏதோ பேசுகிறார் என்று தெரிந்தது. லாத்தா சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் யாருக்கும் காட்டுவார்.

மனுவோடு போட்டோ வைக்க வேண்டும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊருக்குப் போனேன். சாயங்கால வெயில். பத்திருபது பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப்பேர் வைத்திருந்தது பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள். மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூடையைக் கழற்றி எறிந்து, அரசாங்கம் பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு ஆக்கியிருந்தார்கள்.

"ஏலே, மிதிக்காத! அமுக்கு, அமுக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். பக்கத்துப் பனங்காட்டில் குடியிருக்கும் இந்து வீட்டுப் பெண், பதினொன்றாம் வகுப்பு. அப்பா அம்மா இருவருக்கும் கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை. பழைய பள்ளிச் சுடிதாரோடு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த உவர்மண் மேடுகளில் அவள் போன மாதிரி யாரும் போய் நான் பார்த்ததில்லை. கடைசி மேட்டில் வண்டி தரையை விட்டு எழும்பியது. இறங்கியபோது சறுக்கி விழுந்தாள். யாரும் ஓடவில்லை. தானே எழுந்து முழங்கையை ஊதிக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள்.

"அந்தப் புள்ளதான் நல்லா ஓட்டுது" என்றார் லாத்தா. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. அதை மறைப்பானேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். புருஷன் ஞாபகமாகத்தான் இந்தப் பொம்பளை மேடு மேடு என்று அலைகிறாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மெதுவாக வாயைக் கிண்டினேன்.

"அவுகளுக்கும் இதுக்கும் என்ன புள்ள?" என்றார். "அவுக அத கூட்டத்தான் செஞ்சாக. ஓட்டலையே."

திங்கட்கிழமை ஆனால் ராமநாதபுரத்துக்குப் போவார். கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். வரிசையில் நின்று மனுவைக் கொடுப்பார். மனு அங்கிருந்து இறங்கி என் கடைக்கு எதிரே உள்ள ஆபீசுக்கே வரும். அங்கிருந்து பதில் போகும்: 'இத்திட்டத்தின் கீழ் இப்பணியை மேற்கொள்ள வழிவகை இல்லை.' லாத்தா பதிலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். "வேற திட்டம் என்ன இருக்கு?" என்பார். நான் தேடிச் சொல்வேன். அந்தத் திட்டத்திலும் வழிவகை இருக்காது. பூங்கா போட வழி இருந்தது, சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும் வழி இருந்தது, மேடு போட மட்டும் எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

எதிர் ஆபீஸ் இன்ஜினியர் நல்ல மனுஷன். டீ குடிக்க என் கடைப் பக்கம் வந்தபோது லாத்தாவைப் பார்த்ததும் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"ஏம்மா, விளையாட்டுத் திடல்னு கேளுங்களேன். உடனே போட்டுத் தாரேன். கபடி, வாலிபால், எது வேணாலும்."

"அதுக்குச் சமதரை வேணும்ல சார்?"

"ஆமா, சமப்படுத்தித் தருவோம்."

"சமதரை எங்க ஊர்ல நெறய கெடக்கு சார். கடற்கரை பூராம் சமதரைதான்."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. உயர்கோபுர விளக்கு தருகிறோம் என்றார்கள். நாடக மேடை தருகிறோம், நிழற்குடை தருகிறோம் என்றார்கள். தேர்தல் சமயத்தில் ஒருவர் வந்து போர்வெல்லும் தொட்டியும் சொந்தக் காசில் தருவதாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் லாத்தா மரியாதையாக எழுந்து நின்று, "நாங்க கேட்டது இது இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊர்க்காரர்களுக்கு ஆத்திரம். "வலிய வர்ற சீதேவியக் கால்ல எத்துறா" என்று என் கடைக்கு வந்தே திட்டிவிட்டுப் போனார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அதுவும் பழகிவிட்டது.

ஆனால் சங்கத்துச் செயலாளர் வந்த அன்று எனக்கே பொறுக்கவில்லை.

லாத்தாவின் ஊர் ஆண்கள் வெளிநாட்டில் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் அது. ஊருக்குப் பள்ளி, ஆம்புலன்ஸ் எல்லாம் செய்து கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர், அத்தர் மணக்கக் காரில் வந்து இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, "லாத்தா, எதுக்கு இந்த அலைச்சல்? சங்கமே போட்டுத் தருது. நீங்க காட்டுன வீடியோல இருக்காப்லயே. முன்னால ஒரு ஆர்ச்சு, ஒரு கேட்டு. சங்கத்துப் பேரு மட்டும் போட்டுக்குறோம்" என்றார்.

கேட்ட அதே பொருள். இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் அப்போதே மனதுக்குள் ஓட்டப்பாதையைத் திறந்துவைத்துவிட்டேன்.

"நான் சங்கத்துட்ட கேக்கலையே காக்கா" என்றார் லாத்தா. அந்த வீடுகளில் அண்ணனுக்குக் காக்கா என்று பேர்.

"கேட்டாத்தான் செய்யணுமா? நம்ம புள்ளைகதானே."

"அதான் சொல்றேன். சங்கம் போட்டா சங்கத்து மேடு ஆயிரும். இன்னக்கி ஆர்ச்சுல பேரு. நாளைக்கி கேட்டுல பூட்டு. அப்பறம் நம்ம புள்ளைக வரலாம், பனங்காட்டுப் புள்ளைக கேட்டுட்டு வரணும்னு ஆகும்."

"நாங்க அப்படிச் சொல்லுவமா லாத்தா?" அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்க சொல்ல மாட்டீக. உங்களுக்கு அப்பறம் வாரவுக சொல்லுவாக. ரோட்டுல எந்தப் புள்ளயாச்சும் யாருட்டயும் கேட்டுட்டா போகுது? ரோடு சர்க்காருது. இதும் அப்படி இருக்கணும்."

அவர் கார் போனதும் நான் கத்திவிட்டேன். ஊரோடு ஒத்துப்போகத் தெரியாத மனுஷி, கையில் வந்ததைத் தட்டிவிட்டு இனி எந்தக் காலத்தில் வாங்கப் போகிறீர்கள் என்றெல்லாம். லாத்தா பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "பஸ் வந்துரும், வாரேன்" என்று எழுந்து போனார். அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் சரி என்று படும். இன்னொரு நாள், அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு அங்கே பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருப்பார்களே என்று தோன்றும்.

லாத்தாவின் வீட்டுக்காரர் அந்த வளைகுடா நாட்டிலேயே இறந்தது இதற்கெல்லாம் முன்பு. தூக்கத்திலேயே போய்விட்டார். மையத்தை, அதாவது உடம்பை, ஊருக்கு அனுப்புங்கள் என்று லாத்தா கேட்டார். அந்தக் கோரிக்கையை மெயிலில் அனுப்பத்தான் அவர் மகள் முதன்முதலாக என் கடைக்கு வந்தாள். அந்தப் பழக்கத்தில்தான் லாத்தா எனக்குத் தெரியவந்தார். கம்பெனியிலிருந்து பதில் வருவதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கொஞ்சநாள் கழித்து ஒரு பெட்டி வந்தது. நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்த அன்றுதான் மகள் அதைப் பிரித்தாள். மேலே புதுக் கம்பளிப் போர்வை, அதன் கீழே பால்பவுடர், சென்ட் பாட்டில், ஊருக்கு வரும்போது போட என்று வாங்கி வைத்திருந்த, ஒருநாளும் போடாத செருப்பு. புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் லாத்தா இருந்தார், உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவருகில் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

"நான் கேட்டது மையத்த" என்றார். "இது இல்ல."

மகள் வாய்விட்டு அழுதாள், நானும் அழுதேன். லாத்தா அழவில்லை. பெட்டியைப் பள்ளிவாசலில் கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். இத்தா முடிந்து வெளியே வந்த வாரத்தில்தான் மேட்டு மனுவைத் தொடங்கினார்.

கடைசியில் அவர் மனு ஏதோ ஓர் அதிகாரியின் கண்ணில் பட்டது. புதுமையாக இருக்கிறதே, செய்யலாமே என்று அவர் எழுதிவிட்டாராம். இன்ஜினியர் ரோட்டைக் கடந்து ஓடிவந்து, "அம்மாவுக்குப் போன் போடுங்க, எடத்தைப் பாக்க வாராங்க. தடையில்லாச் சான்று ஒண்ணு வாங்கிட்டா போதும்" என்றார். அவர் நிற்கும்போதே லாத்தாவுக்குப் போன் போட்டேன்.

நிலத்தைப் பார்க்க வந்த வருவாய்த்துறை ஆட்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். வரைபடத்தைப் பிரித்தார்கள். வரைபடத்தில் அந்த இடம் சமதரை.

"இந்த மண்ணு எப்படிம்மா வந்துச்சு?"

"கம்மாயில தோண்டுனது சார்."

"இங்க கொட்ட யார் அனுமதி குடுத்தா?"

"யாரும் குடுக்கல சார். கொட்டிட்டுப் போயிட்டாக."

கேட்டதற்கு மட்டும் பதில். கூடவும் இல்லை, குறைச்சலும் இல்லை. ஏதாவது மழுப்பித் தொலைத்தால் என்ன என்று பக்கத்தில் நின்ற நான் நினைத்தேன். அவருக்கு மழுப்ப வராது.

பதில் வந்தது. லாத்தா கேட்டதால் இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். புறம்போக்கில் அனுமதியின்றிக் குவிக்கப்பட்ட மண்ணை அகற்றி, இடத்தைச் சமன் செய்த பிறகு கோரிக்கை பரிசீலிக்கப்படும். அதில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவரவர் மேசையில் அவரவர் செய்ய வேண்டிய கையெழுத்தைப் போட்டிருந்தார்கள்.

பொக்லைன் வந்த அன்று லாத்தா எனக்குப் போன் செய்தார். "வண்டி வந்திருக்கு புள்ள" என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கருவேல நிழலில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். டிப்பர் லாரி வந்து வந்து போனது. டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா ரொம்ப நேரமா நிக்கிறீங்க, உங்க மண்ணா?" என்றான்.

"இல்லப்பா. சர்க்கார் மண்ணு."

சாயங்காலம் ஆவதற்குள் எல்லாம் சமதரை ஆகிவிட்டது. எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. திரும்பும்போது மினி பஸ்ஸில் உட்கார்ந்து, மறுநாள் இட்லிக்கு உளுந்து போட்டேனா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஊர் மட்டும் பேசியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று லாத்தாவின் காதுபடவே சொன்னார்கள். அவரோ, பரிசீலிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்களே என்று மறுபடி திங்கட்கிழமை ராமநாதபுரம் போனார். அந்த அதிகாரி மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தோம்.

பிள்ளைகள் காத்திருக்கவில்லை. ரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

பனங்காட்டுப் பெண்ணை ஐஸ் வண்டி அடித்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்தார்கள். இனி நடப்பாள், ஆனால் அந்த மாதிரி வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார். லாத்தா ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியில் என் கடையில் இறங்கினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்தார்.

"அவ ஆத்தா ஒரு வார்த்த கேட்டுச்சு" என்றார்.

"என்ன கேட்டாங்க?"

"'நீங்க கேக்காமயே இருந்திருக்கலாம்ல லாத்தா'ன்னு கேட்டுச்சு. திட்டல. மெதுவாத்தான் கேட்டுச்சு."

அப்படியெல்லாம் இல்லை லாத்தா என்றேன். அது எனக்கே ஒட்டவில்லை. மெஷினைத் துடைத்தேன். அவர் வெகுநேரம் எதிரே ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மனு எழுது. அந்த எடத்துல எதாச்சும் போட்டுக் குடுங்கன்னு எழுது."

"எதாச்சும்னா? என்ன வேணும்னு போடணும்ல லாத்தா."

"அவுகளுக்கு எது தோதோ அது. சுத்தி ஒரு வேலி இருந்தாப் போதும், புள்ளைக ரோட்டுக்குப் போகாம நிக்கும்."

"மேடு?"

"அத எழுதாத."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். 'ஏதேனும் ஒரு வசதி செய்து தருமாறு' என்று டைப் அடித்தேன். என் வாழ்நாளில் ஆயிரம் மனுவில் அந்த வரியை அடித்திருப்பேன், கை தானாக அடிக்கும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் வாசிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் கொடுத்த நகல்களைப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இப்போது அங்கே கம்பி வேலிக்குள் உடற்பயிற்சிக் கருவிகள் நிற்கின்றன. தரையில் சிமெண்ட் கல் பதித்திருக்கிறார்கள், சைக்கிள் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். காலையில் சில பெரியவர்கள் வந்து கை காலை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். லாத்தா திறப்பு விழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், போர்த்திய துண்டை வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் என்னிடம் எழுதி வாங்கியவற்றில், கொடுத்த உடனே, தட்டாமல், கேட்டது கேட்டபடி அரசாங்கம் நிறைவேற்றியது அந்தக் கடைசி மனு ஒன்றைத்தான்.